நாலு செட்டும் ஒரே அளவு

செவ்வாய்க்கிழமை காலையில், பாய்லருக்கு விறகு தள்ளிக்கொண்டிருந்த மாரப்பன் அண்ணனை அப்படியே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சட்டை போடக்கூட விடவில்லை. அன்றைக்கு நேவி ப்ளூ லாட் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு முழங்கை வரைக்கும் நீலம். சாயப்பட்டறையில் வேலை செய்கிறவனின் கை எந்த நிறத்தில் இருந்தாலும் திருப்பூரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். ஸ்டேஷனில் பார்த்தார்கள். “என்னடா, வெடிமருந்து கலக்குனியா?” என்று கேட்டுத்தான் முதல் அடி விழுந்ததாம். அங்கே டீ கொண்டுபோய்க் கொடுக்கிறவர் வந்து சொன்னார்.

அது தொண்ணூற்றொன்றாம் வருஷம், ஜூன் மாதம். மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமைதான் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்திருந்தது. அதற்குப் பிறகு இந்த ஊர் ஜனங்கள் சில வார்த்தைகளை வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டார்கள். சிலோன் என்று யாரும் சொல்லவில்லை. பக்கத்து வீதியில் வாடகைக்கு இருந்த நான்கு தையல்காரர்கள், பேச்சு கொஞ்சம் இழுத்து வருகிறது என்பதற்காகவே ஒரு பகல் முழுக்க ஸ்டேஷனில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். அவர்கள் தூத்துக்குடிக்காரர்கள். ஒயர்லெஸ் என்கிற வார்த்தையைச் சொல்லவே பயம்.

மாரப்பன் அண்ணனைக் கொண்டுபோனது அந்த ஒயர்லெஸ் விஷயமாகத்தான்.

எங்கள் முதலாளி சுப்பண்ணனுக்குப் பொங்கலூர்ப் பக்கம் தோட்டம். அந்தத் தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருந்தவர் மாரப்பன் அண்ணனின் அப்பா. கிணறு வற்றி, சுப்பண்ணன் திருப்பூருக்கு வந்து பனியன் கம்பெனி போட்டபோது மாடுகளை விற்றுவிட்டார். மாரப்பனை மட்டும் கூடவே கூட்டிவந்தார். தோட்டத்தில் ‘சாமி’ என்று கூப்பிட்ட வாய், பட்டறையிலும் ‘சாமி’ என்றே கூப்பிட்டது. சாயப்பட்டறை நொய்யல் கரையில். தையல் யூனிட் ஐந்து கிலோமீட்டர் தள்ளி. போன் கேட்டு எழுதிப்போட்டு ஏழு வருஷம் ஆகியும் வரவில்லை. துணி நிறம் இறங்கிவிட்டது என்று சொல்ல ஒரு ஆள் சைக்கிள் மிதிக்க வேண்டும். அதனால் முறையாக லைசென்ஸ் எடுத்து ஒரு ஜோடி வாக்கிடாக்கி வாங்கினார். ஒன்று அங்கே, ஒன்று இங்கே. பேசி முடித்தால் ‘ஓவர்’ என்று சொல்ல வேண்டும் என்று முதலாளி கற்றுக்கொடுத்தார். மரியாதை குறைந்துவிடும் என்று அண்ணன் ‘ஓவருங்க’ என்பார். தையல் யூனிட்டே சிரிக்கும்.

பிறகு ஆர்டர் பெருகியது. முதலாளி மெட்ராஸ் ஹார்பரில் யாரையோ பிடித்து இன்னொரு ஜோடி வாங்கினார். அதற்கு லைசென்ஸ் கிடையாது. நான்கும் ஒரே கம்பெனிச் செட்டு, ஒரே கறுப்பு, செங்கல் மாதிரி ஒரே கனம். லைசென்ஸ் செட்டுக்கு ஏரியல் ஒரு சாண் நீளம். மற்றதற்கு அதில் பாதிதான். ‘நீளவால்’, ‘குட்டவால்’. முதலாளிக்கும் அண்ணனுக்கும் அவ்வளவுதான் வித்தியாசம் தெரியும். முதுகில் ஒட்டியிருந்த லேபிளை வாசிக்க இருவருக்கும் வராது.

குண்டு வெடித்த பிறகு, ஒயர்லெஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து லைசென்ஸோடு காட்ட வேண்டும் என்று உத்தரவு வந்தது. திங்கட்கிழமை முதலாளி நீளவால் இரண்டையும் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார். குட்டவால் இரண்டையும் மாரப்பன் அண்ணனிடம் கொடுத்து, “ஒரு வாரத்துக்கு உங்கூட்டு அட்டாலில வெய்யி” என்றார். அவருக்கு மாடி வீடு இருந்தது, குடோன் இருந்தது, பொங்கலூரில் பூட்டிக்கிடக்கும் பெரிய வீடு இருந்தது. அட்டாலிப் பரணுக்கு மட்டும் எங்கள் லைன் வீடு தேவைப்பட்டது.

ஸ்டேஷனில் ஒரு செட்டின் முதுகில் இருந்த நம்பர் லைசென்ஸில் இல்லை. “எனக்கொண்ணும் தெரியாதுங்க. செட்டெல்லாம் மாரப்பன்தான் பாத்துக்கறான்” என்று முதலாளி சொல்லிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை ஜீப் வந்தது.

*

வியாழக்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. நான் அந்தத் தையல் யூனிட்டில் புரொடக்‌ஷன் எழுதுகிறவள். முதலாளி கட்டிவிட்ட எங்கள் லைனில் எட்டு வீடு; எட்டு வீட்டிலும் காலேஜ் வாசலை மிதித்தவள் நான் ஒருத்திதான். பி.எஸ்ஸி. ஃபிசிக்ஸ் முடித்துவிட்டு, எந்த டேபிளில் எத்தனை டஜன் என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மேற்கிலிருந்து காற்று வீசிக்கொண்டிருந்தது. பாலக்காட்டுப் பக்கம் மழை பிடித்துவிட்டால் இங்கே காற்று மட்டும் வரும், ஆற்றின் சாய நாற்றத்தையும் பஞ்சுத் தூசியையும் தூக்கிக்கொண்டு. அந்தக் காற்றில் மயிலாக்கா பின்கதவு வழியாக வந்தாள். மாரப்பன் அண்ணனின் சம்சாரம். செக்கிங் டேபிளில் வேலை. இரண்டு நாளில் அவள் முகம் பாதியாகிவிட்டிருந்தது.

“மருதா, ஏ அம்மிணி, சித்த எங்கூட்டுக்கு வர்றியா?”

அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “அவ எதுக்கு? அவளுக்கு வேலை கெடக்குது.”

“குப்பாயக்கா, ஒரே ஒரு எளுத்துப் படிச்சுச் சொன்னாப் போதுமுங்க.”

“அந்த எளுத்தாலதான் ஒருத்தரு உள்ள கெடக்கறாரு. பொட்டப்புள்ளைய வெச்சிருக்கறன் மயிலா. எம்மேல கோவிச்சுக்காத. போலீஸ் இந்த லைனுக்கு வந்தா அது எட்டு ஊட்டுக்கும் வந்த மாதிரி.”

“அதுக்காக அவங்க ஊட்டுக்கு வர்றப்ப நாம கதவச் சாத்திக்கிறதா?” என்றேன்.

“சாத்திக்கத்தான் வேணும். படிச்சவளுக்குப் பயமிருக்காது, எனக்கு இருக்குது.”

எனக்கும் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய். காலையில் மூன்று தடவை வெளிக்குப் போய்விட்டு வந்தேன். அதை அம்மாவிடம் சொல்லவில்லை.

மயிலாக்கா வீட்டில் கதவைத் தாழ்போட்டுவிட்டு, அரிசிக் குண்டாவுக்குள் கையை விட்டாள். முழங்கை வரைக்கும் உள்ளே போயிற்று. கட்டிங் வேஸ்ட் துணி சுற்றிய இரண்டு பொட்டலம் வந்தது. அட்டாலியில் வைக்கச் சொன்னதை அவள் அரிசிக்குள் மாற்றியிருந்தாள்.

“இதக் கெணத்துல போட்டறலாமா, இல்ல எங்கியாச்சும் கொண்டுபோயி ஒப்படச்சறலாமா? நீயே சொல்லு அம்மிணி. நேத்துச் சோறு கொண்டுபோனனா, உள்ள உட மாட்டேன்னுட்டாங்க. அரிசியும்பருப்புஞ் சோறு. சன்னல் வழியாக் கொரல் மட்டும் கேட்டுச்சு. அவரு கொரலுன்னே தெரியில. எருமைக்கன்னாட்டக் கேட்டுச்சு.”

நான் ஒரு செட்டை எடுத்துத் திருப்பினேன். முதுகில் வெள்ளி நிறத்தில் சின்ன லேபிள். மாடல் 210, அதன் பின்னால் டி என்கிற எழுத்து. கீழே 440–470 மெகாஹெர்ட்ஸ் என்று இருந்தது. ஏரியல் குட்டை. சரியாகத்தான் இருந்தது.

அடுத்ததை எடுத்தேன். இதற்கும் ஏரியல் குட்டைதான். லேபிளில் மாடல் 210, பி. 146–174 மெகாஹெர்ட்ஸ்.

மறுபடியும் ஏரியலைப் பார்த்தேன்.

“என்ன அம்மிணி?”

“அக்கா, இந்த ரேடியோ பேசறது அலையில. அலை நீளமா இருந்தா ஏரியலும் நீளமா இருக்கோணும். நூத்தி அம்பதுங்கிறது நீள அலை. நானூத்தி அம்பதுங்கிறது அதுல மூணுல ஒரு பங்கு. இந்த லேபிள் நூத்தி அம்பதுங்குது. வாலப் பாத்தா நானூத்தி அம்பது.”

“அப்படீன்னா?”

“லேபிள் பொய் சொல்லுது. இல்லாட்டி வாலு பொய் சொல்லுது. தொறந்து பாக்கோணும். திருப்புளி இருக்குதா?”

தையல் மெஷின் திருப்புளியைக் கொண்டுவந்து கொடுத்தாள். நான்கு ஸ்குரூ. உள்ளே தகர டப்பி மாதிரி நகத்தளவு ஒரு பொருள். படிகம். செட்டு எந்த அலைவரிசையில் பேச வேண்டும் என்று தீர்மானிப்பது அதுதான். வெளியில் எதை ஒட்டினாலும் அது மாறாது. வெளிச்சத்துக்குப் பிடித்துப் படித்தேன். 452 என்று ஆரம்பித்தது. செட்டு டி. லேபிள்தான் பி.

அப்படியென்றால் இந்த பி லேபிள் லைசென்ஸ் செட்டின் லேபிள். இந்தச் செட்டின் டி லேபிள் ஸ்டேஷனில் இருக்கிற நீளவாலின் முதுகில் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அண்ணனை அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

“அக்கா, இந்த லேபிளை யாரு தொட்டது?”

மயிலாக்கா திருப்புளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்கா?”

“நாந்தான்.”

“எப்ப?”

“ஞாயித்துக்கெழம. நாலுத்தையும் ஊட்டுக்குக் கொண்டாந்தாரு. முதலாளி ஸ்டேசனுக்கு எடுத்துட்டுப் போறாரு, தொடச்சுக் குடுன்னாரு. ஒரே பஞ்சும் சாயமும் கண்ணு. தண்ணியில தொடச்சாப் போகுல. நம்ம டேபிள்ல ஆயில் கறை எடுக்கற மருந்து இருக்குதுல்ல, அதத் தொட்டுத் தொடச்சேன். அழுக்கும் போச்சு, லேபிளும் களண்டு கையோட வந்துருச்சு. நாலும்.”

“அப்பறம்?”

“லேபிள் இல்லாத பீஸ் ரிஜெக்ட் ஆயிருமல்ல. கோந்து வெச்சு ஒட்டுனேன்.”

“எது எதுக்குன்னு பாக்குலியா?”

“பாத்தனே!” என்று குரலை உயர்த்தினாள், உடனே தாழ்ப்பாளைப் பார்த்துவிட்டுத் தாழ்த்தினாள். “டேப்பு வெச்சு அளந்து பாத்தேன் மருதா. நீளம், அகலம், கனம். நாலும் ஒரே அளவு. ஒரே அளவு பீஸுக்கு எந்த லேபிள் வெச்சாத்தான் என்ன? பதினோரு வருசமா அதத்தான பண்ணறேன். ஒரு லாட்டுல லேபிள் உளுந்துபோனா அடுத்த பீஸோடத எடுத்து வெப்போம். ஒருத்தரும் ஒண்ணுஞ் சொன்னதில்ல.”

எனக்கு அவள் மேல் கோபம் வரவில்லை. பதினோரு வருஷம் ஒரு பெண்ணை ஒரே டேபிளில் நிறுத்தி, அளவு சரியாக இருந்தால் லேபிள் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை என்று பழக்கியவர்கள் மேல் வந்தது. அந்த டேபிளில் அவள் செய்தது ஒருநாளும் தப்பாக இருந்ததில்லை. முதலாளிமார் விளையாடும் பொருளை அவள் கையில் கொடுத்தபோது, இது பனியன் இல்லை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

“நாந்தான் அவர உள்ள தள்ளிப்போட்டேன், இல்ல?” என்றாள்.

“இல்ல.”

“பொய் சொல்லாத. படிச்சவ நீ, பொய் சொல்லாத.”

அப்போது கதவைத் தட்டினார்கள்.

*

மயிலாக்கா இரண்டு செட்டையும் அரிசிக்குள் திணித்தாள். நாலு ஸ்குரூவையும் நான் வாய்க்குள் போட்டுக்கொண்டேன். ஏன் வாய்க்குள் போட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. இரும்பு ருசி நாக்கில் ஏறியது.

வந்தது போலீஸ் இல்லை; மேனேஜர் கன்னையன். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. உள்ளே வந்து, உட்காரச் சொல்லாமலே கட்டிலில் உட்கார்ந்தார்.

“இந்தக் காலேஜுப் புள்ள இங்க எதுக்கு?”

“தொணைக்குங்க” என்றாள் மயிலாக்கா.

“நல்லதுதான். மயிலா, பதறாமக் கேளு. மாரப்பன் எளுதிக் குடுத்துட்டான்.”

“என்னன்னுங்க?”

“அந்த செட்ட அவனே ஒருத்தன்கிட்ட வாங்குனதா. முதலாளிக்குச் சம்பந்தமில்லைன்னு.”

“அவருக்கு எளுதத் தெரியாதுங்களே.”

“ரேகை வெச்சிருக்கறான். எல்லாம் ஒண்ணுதான். ஒரு ஆறு மாசம் ஆகுமாம். அதுக்கப்பறம் முதலாளி வக்கீல் வெச்சு எடுத்தறாரு. அது வரைக்கும் நீ இந்த ஊட்டுலயே இருக்கலாம், ஒருத்தனும் காலி பண்ணச் சொல்ல மாட்டான். இப்ப அந்தக் குட்டவாலு ரெண்டையும் குடு. சாயத் தண்ணித் தொட்டில போட்டா ஆருக்குந் தெரியாது.”

ஆறு மாசம். அந்த வருஷம் ஒயர்லெஸ் கேஸ் என்றால் உள்ளூர்க் கோர்ட்டில் முடிகிற கேஸ் இல்லை. மெட்ராஸுக்குக் கொண்டுபோவார்கள், அங்கிருந்து எங்கே என்று யாருக்கும் தெரியாது. பேப்பரில் தினமும் படம் போட்டார்கள். சாயக் கையோடு, சட்டையில்லாமல், மாரப்பன் அண்ணன் படமும் வரும். படத்தைப் பார்க்கிற யாரும் இவன் பாய்லர்காரன் என்று நினைக்கப்போவதில்லை.

இந்த இரண்டும் தொட்டியில் போனால் ஸ்டேஷனில் இருக்கும் அந்த டி லேபிள் எங்கிருந்து வந்தது என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சியும் இருக்காது. அதை நினைத்ததும் நான் ஸ்குரூக்களைக் கன்னத்துப் பக்கம் ஒதுக்கிக்கொண்டு பேசிவிட்டேன்.

“ஆத்துல போட்டாச்சுங்க.”

“என்ன?”

“நேத்தே போட்டாச்சு. கரையோரமா இல்ல, நடு ஆத்துல. சாயந் தண்ணி, அடியில என்ன கெடக்குதுன்னு சாமிக்கே தெரியாது.”

கன்னையன் என்னைப் பார்த்தார். என் கன்னம் வீங்கியிருப்பதைப் பார்த்தார்.

“பல்லு வலிங்க” என்றேன்.

“ம்.” மயிலாக்காவைப் பார்த்தார். “நெசமா மயிலா?”

மயிலாக்கா அரிசிக் குண்டாவைப் பார்த்துவிடுவாளோ என்று பயந்தேன். அவள் சுவரில் மாட்டியிருந்த அண்ணனின் சட்டையைப் பார்த்தாள்.

“ஆமாங்க.”

“நல்ல வேலை பண்ணுனீங்க. ஆரு கேட்டாலும், ‘எம்புருசன் வாங்குனது, எனக்கு வேற ஒண்ணுந் தெரியாது’. அவ்வளவுதான். சொல்லு பாக்கலாம்.”

அவளைச் சொல்லவைத்துக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

*

இரண்டையும் ஸ்டேஷனிலேயே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கிளம்பினோம்; டவுன் பஸ்ஸில் கூட்டம் இல்லை. ஒயர் கூடையில் சோற்றுப் போசி. அதற்கு அடியில் துணி சுற்றிய இரண்டு செட்டு. அம்மா வாசலில் நின்று என்னைத் திட்டிக்கொண்டே அந்தக் கூடையை எங்களுக்காக எடுத்துக் கொடுத்தாள். “போறதுதான் போற, பொடவையக் கட்டீட்டுப் போ. பாவாடை தாவணில போனா ஒருத்தனும் மதிக்க மாட்டான்” என்றாள்.

பாதி வழியில் ரோட்டின் குறுக்கே கட்டை போட்டு பஸ்ஸை நிறுத்தினார்கள். இரண்டு போலீஸ்காரர்கள் ஏறினார்கள். பேக் வைத்திருந்த ஒவ்வொருவரிடமும் திறக்கச் சொன்னார்கள். மயிலாக்கா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நாங்களாகக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது வாக்குமூலம்; இங்கே எடுத்தால் கடத்தல். பஸ்ஸுக்கும் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்தது இரண்டே ஸ்டாப்பு.

“கூடையில என்னம்மா?”

“சோறுங்க” என்றாள். “ஆஸ்பத்திரிக்கு.”

போலீஸ்காரர் போசியின் மூடியைத் தூக்கிப் பார்த்தார். நெய் மணம் வந்தது. மூடிவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

இறங்கியதும் மயிலாக்கா சாக்கடையோரம் உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். வெறும் தண்ணி. வாயைத் துடைத்துக்கொண்டு, “நட” என்றாள்.

ஸ்டேஷனில் நுழைந்ததும் முதலில் கண்ணில் பட்டது முதலாளி. இன்ஸ்பெக்டருக்கு எதிரே நாற்காலியில், கையில் டீ டம்ளரோடு. அவருக்குப் பின்னால், சுவர் மூலையில், ஜட்டியோடு குத்தவைத்திருந்தார் மாரப்பன் அண்ணன். உள்ளங்கால்கள் வீங்கித் தரையில் பதிக்க முடியாமல் குதிகாலில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் நீலக் கைகளால் தொடையை மறைத்துக்கொண்டார்.

நான் கூடையிலிருந்து இரண்டு செட்டையும் எடுத்து மேசை மேல் வைத்தேன்.

முதலாளி டம்ளரைக் கீழே வைத்தார். ஓசை கேட்கவில்லை, அவ்வளவு மெதுவாக.

இன்ஸ்பெக்டருக்குக் கண் சிவந்திருந்தது. அவரும் மூன்று வாரமாகத் தூங்கியிருக்க மாட்டார். மேலிருந்து யார் யாரோ கேட்டிருப்பார்கள். நான் லேபிள் கதையைச் சொன்னேன், படிகத்தைக் காட்டினேன், நீளவாலைத் திறந்தால் நூற்று ஐம்பது சொச்சம் என்றுதான் இருக்கும், லைசென்ஸில் உள்ளதும் அதுவாகத்தான் இருக்கும் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “லேபிளை மாத்தத் தெரிஞ்சவங்களுக்கு உள்ள இருக்கறத மாத்தத் தெரியாதா?” என்றார். “நீ எந்தக் காலேஜ்? இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா? உனக்கு யாராரு பழக்கம்?”

இந்தக் கேள்வி என் பக்கம் திரும்பும் என்று நான் யோசித்தே இருக்கவில்லை.

மூலையில் ஒரு மேசையில் ஒருவர் உட்கார்ந்து ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். கோயமுத்தூரிலிருந்து செட்டுகளைப் பார்க்க வந்திருந்த ஒயர்லெஸ் பிரிவுக்காரர். சட்டையில் ஞானசம்பந்தம் என்று பெயர். எழுந்து வந்து குட்டவாலைத் தூக்கிப் பார்த்தார். கழற்றிய முதுகுக்குள் ஊதினார்.

“சார், இந்தப் புள்ள சொல்லுதது சரிதான். எங்களுக்கு டிரெய்னிங்ல மொத நாளு சொல்லித் தர்றதே இதுதான். வாலப் பாரு, பொறவு லேபிளப் பாருன்னு.”

“அது சரி. இந்த ரெண்டும் யாரோடது? அதான் கேஸு.” இன்ஸ்பெக்டர் மயிலாக்காவைப் பார்த்தார். “சொல்லும்மா. உன் வீட்டுல இருந்துச்சு. யாரு குடுத்தா?”

மயிலாக்கா வாயைத் திறந்தாள். முதலாளி அவளைத் திரும்பிப் பார்த்தார். அதட்டவில்லை, முறைக்கவில்லை. ஒரு கல்யாண வீட்டில் வேலைக்காரியைப் பார்க்கிற மாதிரி, வெறுமனே பார்த்தார். அந்த முகத்துக்கு முன்னால் அவள் நிமிர்ந்து நின்றதே இல்லை. அவள் மாமனாரும் நின்றதில்லை.

“தெரியிலீங்க” என்றாள்.

“அக்கா!”

“நீ பேசாதே” என்றார் இன்ஸ்பெக்டர். “உன் வீட்டுலயா இருந்துச்சு? அந்தம்மா சொல்லட்டும்.”

“எம்புருசன்...” என்று ஆரம்பித்தாள். காலையில் கன்னையன் சொல்லவைத்த வாக்கியம். அதுவும் முழுதாக வரவில்லை. மூலையில் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவில் ‘அப்படியே சொல்லீரு’ என்று இருந்தது.

ஞானசம்பந்தம் நடுவில் புகுந்தார். அவர் யாருக்காகப் பேசினார் என்று எனக்குத் தெரியாது. வேலையை முடித்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்பதற்காகக்கூட இருக்கலாம்.

“சார், ரிப்போர்ட்ல நான் சும்மா எழுத முடியாது. நீளவாலு ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு பேசுதான்னு பாத்துருவோம். பேசுச்சுன்னா ரெண்டும் ஒரே பேண்டு, ஒரே அலைவரிசை. லேபிள் மட்டுந்தான் மாறியிருக்குன்னு எழுதிருவேன். பேசலைன்னா இந்தாளு கத முடிஞ்சு.”

இன்ஸ்பெக்டர் கையை அசைத்தார்.

சரியான லேபிள் இருந்த நீளவாலை ஞானசம்பந்தம் எடுத்துக்கொண்டார். தப்பான லேபிள் இருந்ததை மாரப்பன் அண்ணனின் கையில் கொடுக்கச் சொன்னார். எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு காம்பவுண்டுக்கு வெளியே, ரோட்டைத் தாண்டி, சைக்கிள் கடையோரம் நிறுத்தினார். புழுதிக் காற்று முகத்தில் அடித்தது.

“இந்தாம்மா. இத அமுக்கிட்டுப் பேசு. உன் குரலா இருந்தாத்தான் உள்ள இருக்கிறவரு ஆமான்னு சொல்ல முடியும். நான் பேசுனா, பக்கத்து அறைல இருந்து யாரோ பேசுனாங்கம்பாரு உங்க முதலாளி.”

“என்னன்னு பேசறதுங்க?”

“என்னமும் பேசு. ஒண்ணு ரெண்டு மூணு சொல்லு.”

மயிலாக்கா இரண்டு கையாலும் அதை வாங்கினாள். நாலு நாளைக்கு முன்னால் துடைத்துக் கொடுத்த பொருள்; அதில் பேசியதில்லை. கட்டை விரலைப் பொத்தானில் வைத்தாள். ஒரு லாரி போயிற்று. அது போகிற வரைக்கும் காத்திருந்தாள்.

“ஒண்ணு” என்றாள். “ரெண்டு.”

நிறுத்தினாள். அவள் கண் எதிரே காம்பவுண்டுச் சுவர். அதில் ஒட்டிக் கிழித்த தேர்தல் போஸ்டர். முதலாளி இல்லை. நாற்காலி இல்லை. யாருடைய முகமும் இல்லை.

“ஏனுங்க, நானுங்க. மயிலா. நாஞ் சொல்றது கேக்குதுங்களா? அந்தக் குட்டவாலு ரெண்டும் முதலாளி குடுத்ததுங்க. திங்கக்கெழம காத்தால அவருதான் கொண்டாந்து குடுத்தாரு. அட்டாலில வெய்யின்னாரு. நானும் அங்கதான் நின்னுட்டு இருந்தேன். லேபிள மாத்துனது நான். அறியாமப் பண்ணீட்டேன், அதுக்கு என்னைய என்ன வேணாப் பண்ணட்டும். நீங்க வாங்குனதாச் சொல்லாதீங்க. ஆறு மாசமுன்னு கன்னையன் சொல்றாரு, ஆறு மாசமெல்லாம் இல்லீங்க, உங்களக் கொன்னு போடுவாங்க. ரேகை வெச்சது வெச்சதாப் போகட்டும், இப்ப வாயத் தொறந்து சொல்லுங்க. ஊடு போனாப் போவுது. கேக்குதுங்களா? உங்களுக்குக் கேக்குதுங்களா?”

பொத்தானை விடவில்லை.

“விடுக்கா” என்றேன். “விட்டாத்தான் அவரு பேசறது நமக்குக் கேக்கும்.”

“வேண்டாம் அம்மிணி.”

“விடுக்கா.”

“என்ன வருமோ. வேண்டாம், இப்படியே இருக்கட்டும்.” கட்டை விரல் வெளுத்துப்போயிருந்தது.

ஞானசம்பந்தம் குனிந்து, அவள் விரலை மெதுவாகப் பிரித்தெடுத்தார்.

கரகரவென்று இரைச்சல். பிறகு அந்த இரைச்சல் நின்று, அண்ணன் பொத்தானை அமுக்கிவிட்டார் போல, உள்ளே இருக்கிற அறை கேட்டது. நாற்காலி ஒன்று பின்னால் தள்ளப்படும் ஓசை. “டேய் மாரப்பா, அதக் கீழ வெய்யிடா” என்று முதலாளியின் குரல். “நீங்க உக்காருங்க” என்று இன்ஸ்பெக்டர். யாரோ மூச்சு வாங்கினார்கள், மிகப் பக்கத்தில்.

“ஆமாங்க சார்.” எருமைக்கன்று மாதிரி அல்ல, அவருடைய குரல்தான். “அவ சொல்றது நெசமுங்க. நான் வாங்கிலீங்க. மறுக்கா அடிச்சாலும் அதத்தான் சொல்லுவனுங்க. நான் வாங்கிலீங்க.”

இரைச்சல் திரும்பி வந்தது.

ஞானசம்பந்தம் பாக்கெட்டிலிருந்து நோட்டை எடுத்து, காற்றில் தாள் பறக்காமல் முழங்கையால் அழுத்திக்கொண்டு, இரண்டும் பேசின என்று எழுதினார். மயிலாக்கா செட்டை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டாள்.

“நான் பேசுனது அங்க இருக்கற எல்லார்த்துக்கும் கேட்டிருக்குமா?”

“கேட்டிருக்கும்.”

“முதலாளிக்கும்?”

“அவருக்கும்.”

“அப்ப இனி அந்த ஊட்டுக்குப் போக முடியாதல்ல.”

“முடியாது” என்றேன். எங்கள் வீடும் அதே லைனில்தான் என்பது அதைச் சொன்ன பிறகுதான் என் நினைவுக்கு வந்தது.

ஸ்டேஷன் வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்று, எங்களைப் பார்த்துக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். கூப்பிட்ட விதத்திலிருந்து எதுவும் தெரியவில்லை. மயிலாக்கா சோற்றுக் கூடையை எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ரோட்டைத் தாண்டினாள்.